ஆக்கியோன் பெயரும் வழியும்: அனிமல்ஸ் குழுவின் 'எழுஞாயிறு இல்லம்' பாடல் குறித்த ஒரு திறனாய்வு

1.0 முன்னுரை

நூலைத் தொடங்குமுன் பாயிரம் உரைப்பது தமிழ் மரபு. பாயிரம் தெரிவிக்க வேண்டிய செய்திகளை நிரல்படுத்தும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அதற்கடுத்தும் வைக்கின்றது. ஒரு நூலைச் செய்தவர் யார் என்பதோடு, அவர் யாரிடமிருந்து பெற்று அதனைச் செய்தார் என்பதும் கூறப்பட வேண்டும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாடும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. முன்னோர் முடிவை ஏற்றுக்கொண்டு, தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். அது முதல்நூலன்று, அதனால் அது தாழ்ந்ததும் அன்று.

இப்பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு, தமிழோடு தொடர்பில்லாத ஒரு பாடலை இக்கட்டுரை நோக்குகின்றது. இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள நியூகாசில் நகரைச் சேர்ந்த அனிமல்ஸ் என்னும் ராக் இசைக்குழு, 1964ஆம் ஆண்டில் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற பாடலை வெளியிட்டது. 'எழுஞாயிறு இல்லம்' என அதனைத் தமிழில் வழங்கலாம். அதுவரை பரவலாக அறியப்படாதிருந்த ஐந்து இளைஞர்களை அப்பாடல் சில மாதங்களில் உலகறியச் செய்தது. ஆயினும் அது அவர்கள் இயற்றிய பாடலன்று. பல பத்தாண்டுகளாக அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் வாய்மொழியாக வழங்கிவந்த பாடலாகும்.

இவ்வெற்றியை ஆராயும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. பலரும் பலமுறை பாடிய ஒரு பாடல், இவர்கள் பாடியபோது மட்டும் அத்துணைப் பெரிய வெற்றியை அடைந்தது எதனால்? அவ்வெற்றியின் பயனும் பெயரும் யாரைச் சென்றடைந்தன? இவ்விரு வினாக்களும் தனித்தனியானவை போலத் தோன்றினும், ஒன்றற்கு விடை காணாமல் மற்றொன்றற்கு விடை காண இயலாது என்பதே நமது கருத்து.

2.0 பாடல் வந்த வழி

இப்பாடலின் தோற்றம் தெளிவாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் பழைய கதைப்பாடல்களோடு இதனை உறவுபடுத்தும் ஊகங்கள் உண்டு. நாட்டுப்புற இசை ஆய்வாளரான ஆலன் லோமாக்சும் அவ்வாறு கருதியவர்களுள் ஒருவர். நியூ ஆர்லியன்ஸ் நகரில் இப்பெயருடைய இல்லம் எங்கிருந்தது என்ற தேடலும் முடிந்த முடிபு எதையும் தரவில்லை. உறுதியாகக் கூறத்தக்க செய்திகள் அச்சிலிருந்தும் ஒலிப்பதிவிலிருந்தும் தொடங்குகின்றன. பாடலின் வரிகள் சில 1925ஆம் ஆண்டில், ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் 'அட்வெஞ்சர்' என்ற இதழில் நடத்திவந்த நாட்டுப்பாடல் பகுதியில் அச்சேறின. 1933ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் ஆஷ்லி, குவென் பாஸ்டர் ஆகிய இருவரும் இதனை இசைத்தட்டில் பதிவுசெய்தனர். இன்று அறியப்படும் முதல் ஒலிப்பதிவு அதுவே.

நமது நோக்கத்திற்கு இன்றியமையாத பதிவு அதற்கு நான்கு ஆண்டுகள் பிற்பட்டது. 1937 செப்டம்பரில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காகப் பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்த லோமாக்ஸ், கென்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ என்னும் ஊருக்குச் சென்றார். அது நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி. அங்கே சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான ஜார்ஜியா டர்னர் என்ற பதினாறு வயதுப் பெண் தமக்குத் தெரிந்த பாடலைக் கருவியிசை ஏதுமின்றிப் பாடினார். லோமாக்ஸ் அதனைப் பதிவுசெய்ததோடு, தம் தந்தையாரோடு இணைந்து 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பு நூலில் அப்பெண்ணின் பெயரையும் குறிப்பிட்டார். கென்டக்கியைச் சேர்ந்த வேறொரு பாடகரிடம் கிடைத்த அடிகள் சிலவும் அவர் பெயருடன் அங்கே சேர்க்கப்பட்டன.

அங்கிருந்து அனிமல்ஸ் குழுவரை பாடல் வந்த பாதையைப் படிப்படியாகக் காண முடிகின்றது. நாட்டுப்புறப் பாடல் ஒன்றற்கு இத்துணைத் தெளிவான வழிமுறை கிடைப்பது அரிது. டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த பாடகியும் தொகுப்பாளருமான ஹாலி வுட், டர்னரின் பதிவிலிருந்து பாடலைக் கற்றுப் பாடினார். 1950களில் அவருடைய இசைத்தட்டைக் கேட்டு நியூயார்க் நகரின் டேவ் வான் ரோங்க் இதனைக் கற்றார். அவர் செய்த மாற்றம் குறிப்பிடத்தக்கது: மந்தர நரம்பின் ஒலி அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறங்குமாறு கிட்டார் இசையை அவர் அமைத்தார். அவரிடமிருந்து அவ்வமைப்பைப் பெற்ற பாப் டிலன், 1961 நவம்பரில் தமது முதல் இசைத்தட்டிற்காக அதனைப் பதிவுசெய்தார். தாம் பதிவுசெய்ய எண்ணியிருந்த அமைப்பை டிலன் முந்திக்கொண்டு பதிவுசெய்துவிட்டுப் பின்னரே இசைவு கேட்டதாக வான் ரோங்க் கூறியுள்ளார். 1962 மார்ச்சில் வெளிவந்த அவ்விசைத்தட்டு கடல் கடந்து நியூகாசில் இளைஞர்களின் கைக்கும் எட்டியது.

இந்த ஒரு கிளையோடு பாடலின் வரலாறு முடிந்துவிடவில்லை. வுடி கத்ரி, லெட் பெல்லி, ஜாஷ் வைட், ஜோன் பேயஸ், நினா சிமோன் முதலியோரும் இதனைப் பாடியுள்ளனர். இப்பாடலைத் தாம் முதன்முதலில் கேட்டது நியூகாசில் மன்றமொன்றில், ஜானி ஹேண்டல் என்ற வட்டாரப் பாடகரிடம்தான் என்று அனிமல்ஸ் குழுவின் பாடகர் எரிக் பர்டன் கூறியுள்ளார். ஹேண்டலும் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவரே. குழுவின் கிட்டார் கலைஞர் ஹில்டன் வாலண்டைனோ தாம் டிலனின் பதிவிலிருந்தே தொடங்கியதாகக் கூறியுள்ளார். இவ்விரண்டையும் முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. வாய்மொழிப் பாடல் ஒரே வாயிலாக ஒருவரை வந்தடைவதில்லை. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலத்தை நெருங்க முயல்வார். வாய்மொழிப் பாடலிலோ வேறுபாடுகளே பாடலாக நிற்கின்றன.

3.0 கூற்று மாற்றம்

அகப்பாடலைப் பயிலும் எவரும் முதலில் கேட்பது, இது யார் கூற்று என்பதே. இப்பாடலுக்கும் அவ்வினா பொருந்தும். டர்னர் பாடிய வடிவம் ஒரு பெண்ணின் கூற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஓர் இல்லத்தில் தன் வாழ்வு சீரழிந்ததை அவள் சொல்கிறாள். தாய் தையல் வேலை செய்பவள், காதலன் குடிகாரன். தன்னைப்போல் கெடாதிருக்குமாறு தன் தங்கைக்குச் சொல்லச் சொல்கிறாள். ஆயினும் இறுதியில் அவ்விடத்திற்கே திரும்பிச் செல்கிறாள். அவ்வில்லம் பரத்தையர் இல்லமா, சிறையா என்பது வெளிப்படையாகக் கூறப்படவில்லை.

வான் ரோங்கும் டிலனும் ஆடவராயினும் பெண்ணின் கூற்றை மாற்றாமலே பாடினர். ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுவதில் வியப்பேதும் காணாத நமக்கு இது எளிதில் விளங்கும். அனிமல்ஸ் குழு இங்கே மாறுபட்டது. பர்டன் பாடிய வடிவம் ஓர் ஆணின் கூற்று. கெட்டுப்போனவர்கள் ஏழைப் பையன்கள். இம்மாற்றம் முற்றிலும் புதியதன்று. 1933ஆம் ஆண்டின் ஆஷ்லி பதிவும் ஆண் கூற்றாகவே அமைந்துள்ளது. எனவே மாற்றம் நிகழ்ந்தது என்பதைக் காட்டிலும், அம்மாற்றம் பாடலின் பிற உறுப்புகளை எவ்வாறு அசைத்தது என்பதே ஆராயத்தக்கது.

கூற்று ஆணுக்குரியதானதும் காதலன் என்னும் பாத்திரத்திற்குப் பாடலில் இடமில்லாமற் போகின்றது. அவ்விடத்தில் தந்தை வந்து அமர்கிறார். டிலனின் வடிவில் சூதாடியாக இருந்தவன் காதலன். அனிமல்ஸ் வடிவில் சூதாடியாக இருப்பவர் தந்தை. இது ஒரு சொல் மாற்றமே எனினும் பாடலின் பொருளை அடியோடு திருப்பிவிடுகின்றது. முன்னையது நம்பிக் கெட்டவளின் பாடல். பின்னையது தந்தையின் குற்றம் மகனுக்கு மரபாகி வந்ததைச் சொல்லும் பாடல். பெண்ணின் வாழ்வைக் கெடுத்தது வெளியிலிருந்து வந்த ஒருவன். மகனின் வாழ்வைக் கெடுத்ததோ அவன் பிறந்த வீடு. தாயை விளித்துப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுமாறு வேண்டும் பகுதியும் இம்மாற்றத்தால் புதிய அழுத்தம் பெறுகின்றது. தந்தையால் கெட்ட குடும்பத்தில் எஞ்சியிருப்பவர் தாயே அல்லவா?

இம்மாற்றத்தால் இழப்பும் நேர்ந்தது. வறுமை, ஆணின் பொறுப்பின்மை, திரும்ப வழியற்ற நகரம் ஆகிய மூன்றிற்கும் இடையில் அகப்பட்ட ஒரு பெண்ணின் சான்று மறைந்துவிட்டது. இல்லம் சூதாட்டக் கூடமாகவே பெரும்பாலோர்க்குத் தோன்றலாயிற்று. எனினும் 1964இல் இப்பாடலைக் கேட்ட இளைஞர் கூட்டத்திற்குத் தந்தை – மகன் உறவின் சிக்கல் மிக அணுக்கமானதாக இருந்தது. காதலைப் பற்றியே பெரிதும் பாடிக்கொண்டிருந்த அக்காலத்து வெற்றிப் பாடல்களுக்கிடையே, காதலே இல்லாத இப்பாடல் தனித்து நின்றது. வெற்றியின் முதற் காரணமாக நாம் காண்பது இதுவே.

4.0 ஐவரின் ஒழுங்கமைப்பு

அனிமல்ஸ் குழுவில் ஐவர் இருந்தனர்: பாடகர் எரிக் பர்டன், ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ், கிட்டார் வாசித்த ஹில்டன் வாலண்டைன், பேஸ் கிட்டார் வாசித்த சாஸ் சாண்ட்லர், தாளக்கருவி வாசித்த ஜான் ஸ்டீல். இவர்கள் 1964இன் தொடக்கத்தில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தனர். இவர்களின் முதல் இசைத்தட்டு இங்கிலாந்துப் பட்டியலில் 21ஆம் இடத்தை எட்டியது. அப்பாடலும் டிலனின் முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற ஒரு மரபுப் பாடலோடு உறவுடையது.

அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க ராக் இசை முன்னோடியான சக் பெரியின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இவர்களும் இடம்பெற்றனர். விரைவும் துள்ளலும் மிக்க இசையில் பெரியை எவராலும் விஞ்ச முடியாது. ஆதலின் அவரைப் போலவே வாசித்துப் போட்டியிடாமல், வேறுபட்ட ஒன்றைத் தம் நிகழ்ச்சியின் நிறைவாக வைக்க இவர்கள் முடிவுசெய்தனர் என்று பர்டன் கூறியுள்ளார். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக உயரும் இப்பாடல் அவ்விடத்திற்குப் பொருந்தியது. பாடலின் வடிவம் ஏட்டில் எழுதி முடிவுசெய்யப்படாமல், இரவுதோறும் அவையோர்முன் பாடிப் பாடி உருவானது. வாய்மொழி மரபின் இயல்பான பட்டறை இதுவே. நிகழ்த்துதலே ஆக்கமாகும் என்று ஆல்பர்ட் லார்டு 1960ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விளக்கிய கருத்தைக் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வில் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்ததை நாம் அறிவோம். மின்னிசைக் கருவிகள் சூழ்ந்த மேடைக்கும் அக்கருத்து ஓரளவு பொருந்துகின்றது.

இசையமைப்பில் ஒவ்வொருவரின் பங்கும் பிரித்துக் காணத்தக்கதாக உள்ளது. டிலன் ஒருசேர மீட்டிய சுரக்கூட்டுகளை வாலண்டைன் மின் கிட்டாரில் நரம்பு நரம்பாகப் பிரித்து மீட்டினார். ஆர்பெஜியோ எனப்படும் இம்முறையால், ஒவ்வொரு தாளவட்டமும் ஆறு சிற்றசைவுகளாக ஓடுகின்றது. பாடல் தொடங்குமுன் தனியே ஒலிக்கும் அச்சில நொடிகளே இன்று இப்பாடலின் முகமாக விளங்குகின்றன. கிட்டார் கற்கத் தொடங்கும் இளையோர் பலர் முதலில் பயிலும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. டிலன் வடிவில் சொல்லுக்குத் துணையாக நின்ற இசை, இங்கே சொல்லுக்குமுன் வந்து சூழலை அமைத்துவிடுகின்றது.

பிரைஸின் ஆர்கன் அடுத்த படிநிலை. பாடலின் நடுவே அது முன்னெழுந்து, சொற்களற்ற இடத்தில் உணர்ச்சியை உயர்த்துகின்றது. கறுப்பின அமெரிக்கரின் ஜாஸ், ப்ளூஸ் மரபுகளில் ஊறிய அவ்வாசிப்பு, வெள்ளையரின் மலைநாட்டுக் கதைப்பாடல் ஒன்றை வேறொரு மரபோடு இணைக்கின்றது. பர்டனின் குரலும் இவ்வாறே தாழ்ந்த நிலையில், கதை சொல்பவனின் அடக்கத்தோடு தொடங்கிப் பின்னர் உச்சத்தில் கதறலாகின்றது. சாண்ட்லரின் பேஸ் இசையும் ஸ்டீலின் தாளமும் இவ்வெழுச்சிக்கு அடித்தளமாக, தம்மைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கின்றன. எந்த ஒன்றை நீக்கினும் பாடல் இவ்வடிவில் நில்லாது. இவ்வடிவம் ஒருவர் அமைத்து நால்வர் வாசித்ததன்று. ஐவரின் கேட்டலும் வாசித்தலும் ஒன்றையொன்று தூண்டி உருவாக்கியதாகும்.

5.0 பதிவும் வெற்றியும்

1964 மே 18ஆம் நாள், சுற்றுப்பயணத்தின் இடைவேளையில், லண்டன் கிங்ஸ்வேயிலிருந்த ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் இப்பாடல் பதிவுசெய்யப்பட்டது. ஒரே முறை பாடியதே இசைத்தட்டாகியது. பதிவுக்கு ஏறத்தாழ பதினைந்து நிமிடங்களே ஆயின என்றும், எல்லாம் முன்னரே அமைந்திருந்தமையால் தமக்குப் பெரிய பங்கில்லை என்றும் தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட் பின்னாளில் கூறியுள்ளார். பதினைந்து நிமிடம் என்னும் இச்செய்தி வியப்போடு எடுத்துரைக்கப்படுவது வழக்கம். ஆயின் அந்நிமிடங்களுக்குப் பின்னால் சுற்றுப்பயண மேடைகளும், டிலனும், வான் ரோங்கும், ஹாலி வுட்டும், டர்னரும், அவருக்குமுன் பெயரறியாப் பலரும் உள்ளனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பப்படும் தனிப்பாடல் ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள் அமைய வேண்டும் என்பது எழுதாத விதி. இப்பாடலோ நாலரை நிமிடம் நீண்டது. தொடக்கத்தில் இப்பாடலில் ஐயம் கொண்டிருந்த மோஸ்ட், பதிவைக் கேட்டபின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வெளியிட முடிவுசெய்தார். இங்கிலாந்தில் முழு வடிவமே வெளிவந்தது. அமெரிக்காவில் மூன்று நிமிடத்திற்குட்பட்ட சுருக்கிய வடிவம் வெளியிடப்பட்டது. கதைப்பாடலுக்கு நீளம் உயிர். வீழ்ச்சி நிகழ்வதற்கும், அது உணரப்படுவதற்கும், மீண்டும் அதே இடத்திற்குச் செல்ல முடிவுசெய்வதற்கும் காலம் வேண்டும். மோஸ்ட் செய்த பெரும் பணி, அந்தக் காலத்தை வெட்டாமல் விட்டதே எனலாம்.

1964 ஜூன் மாதத்தில் வெளிவந்த இப்பாடல் ஜூலையில் இங்கிலாந்துப் பட்டியலிலும், செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் மூன்று வாரங்கள் அவ்விடத்தில் நிலைத்தது. பீட்டில்ஸ் குழுவோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஓர் இங்கிலாந்துக் குழு அக்காலத்து அலையில் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. நாட்டுப்புறப் பாடலும் ராக் இசையும் இணைந்த 'போக் ராக்' என்னும் வகையின் முதல் வெற்றிப் பாடலாக இதனை இசைத் திறனாய்வாளர் டேவ் மார்ஷ் மதிப்பிட்டுள்ளார்.

வெற்றியின் அளவைப் பட்டியல் எண்களைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி ஒன்றுண்டு. டிலன் இதனைப் பாடிப் புகழ்பெற்ற பின்னர், வான் ரோங்க் பாடும்போது அவர் டிலனைப் பின்பற்றுகிறார் என்றனர். எனவே வான் ரோங்க் பாடுவதை நிறுத்திக்கொண்டார். அனிமல்ஸ் பாடல் வெளிவந்த பின்னர், டிலன் பாடும்போது அவர் அனிமல்ஸ் குழுவைப் பின்பற்றுகிறார் என்றனர். எனவே டிலனும் நிறுத்திக்கொண்டார். இதனை வான் ரோங்கே நகைச்சுவையோடு நினைவுகூர்ந்துள்ளார். மேலும், 1964 டிசம்பரில் தயாரிப்பாளர் டாம் வில்சன், டிலனின் 1961ஆம் ஆண்டுப் பதிவின்மேல் மின்னிசைக் கருவிகளை ஏற்றிப் பதிவுசெய்து பார்த்தார். முந்தியது பிந்தியதன் சாயலில் திருத்தப்பட்டது. வெற்றி என்பது ஒரு பாடலின் எதிர்காலத்தை மட்டுமன்றி, அதன் கடந்தகாலத்தையும் மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை. வழிநூல் முதல்நூலாகத் தோன்றலாயிற்று. முன்னோர் அதன் வழியினராகத் தோன்றலாயினர்.

6.0 இசைத்தட்டின் பாயிரம்

இசைத்தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாள் அதன் பாயிரம் எனலாம். பாடலின் பெயர், குழுவின் பெயர், ஆக்கியோன் பெயர் ஆகியவை அதில் அச்சிடப்படும். அனிமல்ஸ் இசைத்தட்டில் மரபுப் பாடல் என்ற குறிப்பும், ஒழுங்கமைத்தவர் என்ற நிலையில் பிரைஸ் என்ற ஒரே பெயரும் இடம்பெற்றன. ஐந்து பெயர்களுக்கு அத்தாளில் இடமில்லை என்றும், முதற்பெயரின் அகரவரிசைப்படி ஆலன் முதலில் வருவதால் அவர் பெயர் இடப்பட்டது என்றும் விளக்கம் கூறப்பட்டதாகப் பர்டன் தெரிவித்துள்ளார்.

அச்சிடும் வசதி பற்றிய செய்தியாகத் தோன்றும் இதற்குப் பெரும் விளைவு இருந்தது. மரபுப் பாடலுக்கு இயற்றியவர் என எவரும் இல்லை. ஆதலின் ஒழுங்கமைத்தவராகப் பதியப்பட்டவர்க்கே அப்பதிவிற்கான ஆக்க உரிமத்தொகை செல்லும். பாடலை உருவாக்கிய ஐவருள் ஒருவர்க்கு மட்டுமே அது உரியதாயிற்று. வாலண்டைன் முதலிய மற்றவர்களின் மனக்குறை பின்னர் பலமுறை வெளிப்பட்டது. பிரைஸ் 1965இல் குழுவை விட்டு விலகினார். 1966இல் முதற்குழு கலைந்தது. கலைவுக்கு வேறு காரணங்களும் இருந்தன எனினும், இக்கசப்பு இறுதிவரை மறையவில்லை. குழுவின் பெயர் யாருக்குரியது என்ற வழக்கும் பிற்காலத்தில் எழுந்தது. இங்கிலாந்தில் அப்பெயர் ஸ்டீலுக்குரியது என 2008இல் தீர்ப்பாயிற்று. பர்டனின் மேல்முறையீடு 2013இல் ஏற்கப்பட்டது.

பிரைஸின் பங்கு சிறியதன்று. குழு தொடக்கத்தில் அவர் பெயராலேயே இயங்கியது. அவருடைய ஆர்கன் இன்றி இப்பாடல் இல்லை. ஆகவே ஒருவரைக் குற்றவாளியாக்குவது நமது நோக்கமன்று. நாம் சுட்ட விரும்புவது அக்குறிப்பின் அமைப்பையே. 'மரபு' என்ற சொல்லும் ஒருவர் பெயரும் அருகருகே நிற்கும்போது, அவற்றுக்கிடையில் இருந்த அனைவரும் மறைந்துவிடுகின்றனர். முன்னோர் அனைவரும் 'மரபு' என்னும் பெயரற்ற சொல்லுக்குள்ளும், உடனிருந்தோர் அனைவரும் ஒருவரின் பெயருக்குள்ளும் அடங்கிவிடுகின்றனர். நன்னூலின் சொற்களில் கூறுவதாயின், இங்கே ஆக்கியோன் பெயர் உண்டு, வழி இல்லை.

மறைந்தவர்களுள் ஜார்ஜியா டர்னரும் ஒருவர். பத்திரிகையாளர் டெட் ஆண்டனி இப்பாடலின் வரலாற்றைத் தேடி 2007ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். டர்னரின் வாழ்க்கையைப் பற்றிப் பலர் அறிந்தது அதன்வழியேதான். அவர் கென்டக்கியை விட்டு மிச்சிகன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து, பிள்ளைகளை வளர்த்து, 1969இல் ஐம்பது வயதை எட்டுமுன் காலமானார். பாடலுக்காக அவர் பெற்றது மிகச் சிறிய தொகையே. தாம் பதினாறு வயதில் பாடிய பாடல் உலகின் வானொலிகளிலெல்லாம் ஒலித்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

7.0 இரு நிலைப்பாடுகள்

இச்சிக்கல் குறித்து இரண்டு நிலைப்பாடுகள் பொதுவாக முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, நாட்டுப்பாடல் மக்கள் அனைவருக்கும் உரியது. ஆதலின் தனியொருவர் பெயரைத் தேடுவது பொருளற்றது என்பது. இது பெருந்தன்மையான கருத்தாகத் தோன்றினும், நடைமுறையில் பாடியவரின் பெயரை அழிக்கவே பயன்படுகின்றது. அனைவருக்கும் உரியது என்று விடப்பட்ட பொருளை, உரிமைப்பதிவின் வழியறிந்த ஒருவர் எடுத்துக்கொள்வார். மேலே கண்டது அதுவே.

இரண்டாவது, டர்னரே உண்மையான ஆக்கியோன். பின்வந்தோர் அனைவரும் எடுத்துக்கொண்டவர்களே என்பது. இதுவும் ஏற்கத்தக்கதன்று. டர்னரும் பிறரிடம் கேட்டே கற்றார். அவருக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே பாடல் இசைத்தட்டில் உண்டு. மேலும் வான் ரோங்கின் இறங்குமுகச் சுரங்கள், வாலண்டைனின் நரம்பிசை, பிரைஸின் ஆர்கன், பர்டனின் கூற்று மாற்றம் ஆகியவை வெறும் எடுத்தாளல் அல்ல. அவை ஆக்கங்கள். வழிநூலாசிரியனும் ஆசிரியனே என்று கொள்ளும் மரபில் வந்த நாம் இதனை மறுக்க இயலாது.

இவ்விரண்டுக்கும் மாறாக, ஒவ்வொரு படிநிலையிலும் சேர்க்கப்பட்டது எது, சேர்த்தவர் யார் என்பதைத் தனித்தனியே காட்டும் திறனாய்வே இத்தகைய பாடலுக்குப் பொருந்தும். இப்பாடலின் வெற்றி ஒரு மேதையின் திடீர்த் தோற்றத்தால் விளைந்ததன்று. 'மரபு' என்னும் முகமற்ற ஆற்றலால் விளைந்ததும் அன்று. பெயர் சொல்லத்தக்க மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டு, ஒவ்வொன்றைச் சேர்த்ததால் விளைந்தது. அதன்பின்னும் சேர்த்தல் நின்றபாடில்லை. 1964லேயே ஜானி ஹாலிடே பிரெஞ்சு மொழியில் பாடிய வடிவில் அவ்வில்லம் சிறைச்சாலையாயிற்று. 1970இல் பிரிஜிட் பிங்க் குழு கடுமையான மின்னிசையில் இதனை மீண்டும் அமெரிக்கப் பட்டியலில் ஏற்றியது.

8.0 முடிவுரை

அனிமல்ஸ் குழுவின் வெற்றிக்கு மூன்று காரணங்களை இக்கட்டுரை கண்டது. கூற்று மாற்றத்தால் பாடல் தன் காலத்து இளைஞரின் பாடலாயிற்று. ஐவரின் ஒழுங்கமைப்பால் கதைப்பாடல் நாடகத்தன்மை பெற்றது. தயாரிப்பாளரின் துணிவால் அதற்குரிய நீளம் காக்கப்பட்டது. இம்மூன்றும் ஒருவர் செயலல்ல என்பதனால், ஒருவர் பெயரை மட்டும் தாங்கிய உரிமைக் குறிப்பு திறனாய்வு நோக்கில் பிழையானதாகின்றது. உரிமைக் குறிப்பும் படிக்கப்பட வேண்டிய பனுவலே.

தமிழ் ஆசிரியர்களுக்கும் நாட்டார் வழக்காற்றைப் பயிற்றுவோர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தாலாட்டையும் ஒப்பாரியையும் தோட்டப்புறப் பாடல்களையும் தொகுத்து வருமாறு மாணவர்களைப் பணிக்கிறோம். பாடலின் அடியில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் எழுதி அவர்கள் ஒப்படைக்கும்போது நாம் ஏற்றுக்கொள்வதும் உண்டு. கென்டக்கியில் பாடிய பெண்ணின் பெயரையும் ஊரையும் நாளையும் 1937இல் ஒருவர் எழுதிவைத்தார்; அதனால்தான் எழுபது ஆண்டுகள் கழித்து அவர் வாழ்க்கையைத் தேடிச் செல்ல மற்றொருவரால் முடிந்தது. அப்பெயர் அவருக்குச் செல்வத்தைத் தேடித் தரவில்லை. ஆயினும் பாடலின் வழியில் அவருக்கு உரிய இடத்தை எவராலும் மறுக்க முடியாதபடி செய்தது. பாடித் தந்தவரின் பெயரும், அவர் யாரிடம் கற்றார் என்பதும் இல்லாத தொகுப்பை முழுமையற்றதாகக் கருதித் திருப்பித் தருவது, இத்துறையில் நாம் உடனே செய்யத்தக்க சீர்திருத்தமாகும்.